புத்தக அலமாரிக்குப் பின்னால் ஒரு மண் கோடு: இந்தக் கறையான் நான் கொண்டுவந்ததா?

சென்னைப் புறநகரில் தரைத்தள வீடு ஒன்றில் 14 மாதமாக வாடகைக்கு இருக்கும் சகோதரி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி அதைச் சுருக்கித் தருகிறேன்.

ஐப்பசி மழை விட்ட ஒரு சாயங்காலம் ஹாலில் ஈசல் மொய்த்திருக்கிறது. விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டார்கள். காலையில் குளியலறை வாசல் ஓரத்தில் இறகுகள் குவிந்து கிடந்தன. கூட்டி வெளியே கொட்டியாயிற்று. இரண்டு வாரம் கழித்துப் புத்தக அலமாரியை நகர்த்தியபோது, பின்சுவரில் பென்சில் பருமனில் ஒரு மண் கோடு. தரையும் சுவரும் சேரும் இடுக்கில் கிளம்பி அலமாரியின் பின்பலகை வரை ஏறியிருந்தது. ஈரத்துணியால் துடைத்து மண்ணெண்ணெய் ஊற்றினார். ஒரே வாரத்தில் நாலு விரல் தள்ளி இன்னொரு கோடு வந்துவிட்டது. இப்போது குளியலறைக் கதவு நிலைக்காலின் அடியில் பெயின்ட் உப்பியிருக்கிறது. கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே போகிறது. பரணில் இருக்கும் பழைய மரப்பெட்டிக்கு அடியிலும் மரத்தூள் கொட்டிக் கிடக்கிறது.

இதற்கு ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். "உங்க புத்தக மூட்டையிலதான் வந்திருக்கு, செலவை அட்வான்ஸ்ல கழிச்சுக்குவேன்" என்கிறார் வீட்டுக்காரர். நிலையை மாற்றினால் போதும் என்கிறார் தச்சர். மருந்தடிக்கும் நிறுவனத்திலிருந்து வந்தவரோ, ராணி வீட்டுக்கு அடியில் இருக்கிறது, தரையைத் தோண்டியாக வேண்டும், இன்றே கையெழுத்துப் போட்டால் தள்ளுபடி உண்டு என்கிறார். அம்மாவுக்கு இது அம்மன் புற்று. கை வைக்கக் கூடாது, பால் ஊற்ற வேண்டும். அந்த அம்மாவுக்கு வீசிங் தொந்தரவு இருக்கிறது. அப்பா சேர்த்து வைத்துவிட்டுப் போன தமிழ்ப் புத்தகங்கள் அலமாரி நிறைய இருக்கின்றன. "இது ஆரம்பமா, முற்றிவிட்டதா? பழி என் மேல்தானா? மருந்து அடித்தால் அம்மாவுக்கு ஆகுமா?" என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் பயத்தைக் கொஞ்சம் இறக்கி வைக்கிறேன். கறையான் தின்பது மரத்தையும் காகிதத்தையும் அட்டையையும் துணியையும்தான். கான்கிரீட் தூணையோ கூரையையோ அது தின்னாது, வீடு இடிந்து விழாது. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அலமாரிப் பக்கம் இது ஆரம்பம். குளியலறை நிலையில் கொஞ்சம் பழசு. இரண்டையும் சரிசெய்ய முடியும்.

ஆனால் இன்றிலிருந்து ஒன்றை மட்டும் நிறுத்துங்கள். துடைக்காதீர்கள், கூட்டாதீர்கள், எதையும் ஊற்றாதீர்கள். வீட்டைச் சுத்தமாக வைத்திருப்பவர்கள் எல்லாரும் செய்வதைத்தான் நீங்களும் செய்தீர்கள், அதில் தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் இறகு, மண் கோடு, தூள் மூன்றும் தடயங்கள். கறையான் எங்கிருந்து வருகிறது, எவ்வளவு நாளாக இருக்கிறது, யாருடைய பொறுப்பு என்ற உங்கள் கேள்விகளுக்கு அவைதான் பதில் சொல்லும். கட்டடங்களைப் பரிசோதிக்கப் போகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், நன்றாகத் துடைத்துவிட்ட வீட்டில்தான் எங்களுக்கு வேலை கடினம்.

ஈசலும் அதன் இறகும்

ஈசல் வேறு, கறையான் வேறு என்று நினைத்துக் கடிதத்தில் தனித்தனியாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் ஒன்றுதான். வளர்ந்த புற்றிலிருந்து, மழை ஈரம் கண்டதும், புதுக் குடும்பம் தொடங்கப் பறந்து வரும் இறகு முளைத்த கறையான்தான் ஈசல். கொஞ்ச நேரம் பறந்து இறகை உதிர்த்துவிட்டு, ஆணும் பெண்ணும் ஜோடியாக மண்ணைத் தேடும். பெரும்பாலானவை பல்லிக்கும் காக்கைக்கும் இரையாகிவிடும்.

அதனால் ட்யூப் லைட்டைச் சுற்றி ஈசல் வந்ததை மட்டும் வைத்து வீட்டில் கறையான் என்று முடிவு கட்ட முடியாது. மழை விட்ட இரவில் தெருவில் எல்லா வீட்டுக்கும்தான் வரும். இறகு எங்கே குவிந்தது என்பதுதான் முக்கியம். ஜன்னல் திட்டிலும் விளக்குக்குக் கீழேயும் கிடந்தால் வெளியிலிருந்து வந்தவை. உங்கள் வீட்டில் குளியலறை வாசல் ஓரம் குவிந்து கிடந்தது. அங்கே ஜன்னலும் இல்லை, ராத்திரி விளக்கும் எரியவில்லை என்கிறீர்கள். அப்படியானால் அவை அந்த நிலையிலிருந்தோ அதன் அடியிலிருந்தோதான் கிளம்பியிருக்க வேண்டும். நிலைக்காலும் சுவரும் சேரும் இடத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். ஓரத்தில் மண் பூசிய சின்னக் கீறல் இருந்தால் அதுதான் வாசல்.

சில சமயம் இறகுள்ள எறும்பும் இதே நாட்களில் வரும். கறையானின் நான்கு இறகும் ஒரே நீளம், உடலைவிட நீளமாக இருக்கும்; இடுப்பு கிடையாது. எறும்புக்கு முன் இறகு பெரிசு, பின் இறகு சிறிசு, இடுப்பு ஒடுங்கியிருக்கும், உணர்கொம்பு முழங்கை மாதிரி மடங்கியிருக்கும். கூட்டிய குப்பையில் நாலு இறகு மிஞ்சியிருந்தாலும் ஒரு காகிதத்தில் மடித்து, தேதி எழுதி வையுங்கள்.

இதில் உங்களுக்குச் சாதகமான விஷயம் ஒன்று இருக்கிறது. புதிதாகத் தொடங்கிய கறையான் குடும்பம் ஈசலை வெளியே அனுப்பும் அளவுக்கு வளரப் பொதுவாகச் சில வருடங்கள் ஆகும். நீங்கள் குடிவந்து 14 மாதம்தான். நிலைக்குள்ளிருந்து ஈசல் கிளம்பியிருந்தால், அந்தக் குடும்பம் உங்களுக்கு முந்தியது.

மண் கோடு சொல்லும் சேதி

கறையானின் உடம்பு மெல்லிய தோல் கொண்டது, காற்றும் வெளிச்சமும் பட்டால் காய்ந்துவிடும். அதனால்தான் மண்ணையும் எச்சிலையும் குழைத்து மூடிய குழாய் கட்டிக்கொண்டு அதற்குள் போய் வருகிறது. அந்தக் குழாய் தரை இடுக்கில் தொடங்குகிறது என்றால் கறையான் மண்ணிலிருந்து மேலே வந்திருக்கிறது. புத்தகத்தோடு வந்திருந்தால் அதற்குத் தரையிலிருந்து சாலை போட வேண்டிய அவசியமே இல்லை. வீட்டுக்காரருக்கு உங்கள் பதில் இந்த ஒரு கோட்டில் இருக்கிறது. அதனால் இரண்டாவது கோட்டை அழிக்காமல், தரை இடுக்கும் தெரிகிற மாதிரி, பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள்.

உயிருள்ள கோடா, கைவிட்டதா என்று பார்க்க ஒரு சின்னச் சோதனை இருக்கிறது. கோட்டின் நடுவில் ஒரு அங்குலம் மட்டும் கத்தி முனையால் பெயர்த்து எடுங்கள். உள்ளே வெள்ளையாக ஊர்ந்தால் சந்தேகமே வேண்டாம். எதுவும் தெரியாவிட்டால் ஓரிரு நாள் பொறுத்துப் பாருங்கள். பெயர்த்த இடத்தில் ஈர மண் பூசி அடைத்திருந்தால் போக்குவரத்து நடக்கிறது. காய்ந்து உதிர்ந்தால் அந்த வழியை விட்டுவிட்டது. வேறு வழி போட்டிருக்கலாம், உங்கள் வீட்டில் நடந்தது போல.

மண்ணெண்ணெய் குழாயில் இருந்தவற்றைக் கொன்றிருக்கும். மண்ணுக்குள் இருக்கும் கூட்டம் அப்படியே இருக்கிறது, அதுதான் நாலு விரல் தள்ளி வந்தது. மூடிய அறையில் காகிதத்துக்குப் பக்கத்தில் மண்ணெண்ணெய் ஊற்றுவது தீ அபாயம், வீசிங் உள்ளவர்களுக்கும் ஆகாது. இனி வேண்டாம்.

நிலையைத் தட்டிப் பாருங்கள்

ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் நிலைக்காலை அடியிலிருந்து மேலே தட்டிக்கொண்டே போங்கள். நல்ல மரம் கெட்டியாக ஒலிக்கும். கறையான் தின்ற இடம் பொள்ளென்று கேட்கும். சத்தம் மாறும் இடத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். அப்புறம் அடிப்பகுதியில் முனையால் லேசாகக் குத்துங்கள். பெயின்ட் தோல் மட்டும் நின்று, உள்ளே மரநார் நீளவாக்கில் அடுக்கடுக்காகவும் இடையில் மண் அப்பியும் இருந்தால் கறையான். மண்ணே இல்லாமல் மரம் கறுத்து, நனைந்து, சிறு சதுரங்களாக உதிர்ந்தால் அது குளியலறைத் தண்ணீர் ஊறி வந்த அழுகலாகவும் இருக்கலாம். இரண்டும் சேர்ந்தே வருவதும் உண்டு, ஏனென்றால் ஈர மரம் கறையானுக்குப் பிடித்தமானது. மற்ற நிலைகளையும், மரப்பெட்டிக்குள் பதித்த பழைய சுவிட்ச் போர்டுகளையும், சமையலறை மேடைக்குக் கீழேயும் இப்படியே பார்த்துவிடுங்கள். மழைக்காலத்தில் கதவு இறுகுவது மரம் ஈரத்தில் ஊதுவதால்தான். அதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம்.

"தேக்கு நிலை, அதில் கறையான் ஏறாது" என்று வீட்டுக்காரர் சொன்னாராம். வைரம் பாய்ந்த தேக்கில் ஏறுவது அபூர்வம்தான். ஆனால் மரத்தின் வெளிப்புற வெள்ளைப் பகுதிக்கு அந்தத் தாங்கும் சக்தி கிடையாது, தேக்கானாலும் வேம்பானாலும். இப்போது போடும் பல நிலைகளில் அந்த வெள்ளைப் பகுதியும் சேர்ந்தே வருகிறது.

பரணில் கிடக்கும் தூள் வேறு கதை

மண்ணிலிருந்து வரும் கறையான் தூள் கொட்டாது, மண்தான் பூசும். பரணில் கிடப்பதை ஒரு வெள்ளைத் தாளில் எடுத்து விரலால் தேய்த்துப் பாருங்கள். மாவாக வழுவழுவென்று இருந்து, பெட்டியில் குண்டூசித் தலையளவு வட்ட ஓட்டைகள் தெரிந்தால் அது மரத்தைத் துளைக்கும் வண்டு. மரம் உளுத்துப்போவது என்கிறோமே, அதுதான். கறையானுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பெட்டியைத் தனியாக வெளியே எடுத்துவிடுங்கள், தரைக்கு அடிக்கும் மருந்து அதற்கு உதவாது. மாவாக இல்லாமல் கசகசா போலத் தனித்தனி மணியாக உருண்டால், அது மண்ணோடு தொடர்பே இல்லாமல் உலர்ந்த மரத்துக்குள்ளேயே குடியிருக்கும் இன்னொரு வகைக் கறையானின் எச்சம். கடலோரப் பகுதிகளில் அது உண்டு. சாமானோடு வீடு மாறி வருவதும் அந்த வகைதான். அப்படி இருந்தால் அந்தப் பெட்டிக்கு மட்டும் நீங்கள் பொறுப்பு, அதை வீட்டுக்காரரிடம் நேர்மையாகவே ஒப்புக்கொள்ளலாம். அப்போதும் நிலைக்காலில் வந்ததற்கும் அதற்கும் தொடர்பில்லை.

தோண்டவும் வேண்டாம், நிலையை மட்டும் மாற்றவும் வேண்டாம்

ராணியைத் தேடித் தரையைத் தோண்ட வேண்டியதில்லை. கூடு உங்கள் தரைக்குக் கீழே இருக்கலாம், பக்கத்துக் காலி மனையிலும் இருக்கலாம். கறையான் மண்ணுக்கடியில் வெகுதூரம் போய் இரை தேடும். வீடு கட்டியபோது கான்கிரீட் வார்க்க அடித்த சென்ட்ரிங் பலகைத் துண்டுகளையும் சவுக்குக் கட்டைகளையும் அப்படியே போட்டு மண் மூடி, மேலே தரை போட்டுவிடுவது நம் ஊரில் சர்வ சாதாரணம். அங்கே தின்று வளர்ந்துதான் பல வீடுகளில் மேலே ஏறுகிறது. ஒரு ராணியைக் கொன்றாலும் பக்கத்துக் கூட்டம் வரும். செய்ய வேண்டியது, கட்டடத்துக்கும் மண்ணுக்கும் நடுவில் மருந்து ஊறிய ஒரு வளையத்தை உண்டாக்குவது.

கட்டி முடித்த வீடுகளுக்கு இதை எப்படிச் செய்வது என்று இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 6313, மூன்றாம் பகுதி சொல்கிறது. உள்ளே, தரையும் சுவரும் சேரும் இடத்தில் சுமார் 30 செ.மீ. இடைவெளியில் 12 மி.மீ. துளைகள் போட்டு, மருந்துக் கரைசலை மண் குடிக்கும் வரை செலுத்தி, துளைகளை அடைக்க வேண்டும். வெளியே சுவரை ஒட்டிய மண்ணுக்கும் ஊட்ட வேண்டும். மரநிலைகளின் அடியில் சாய்வாகச் சிறு துளை போட்டுத் தனியாக மருந்து விட வேண்டும். தரைமேல் தெளித்துவிட்டுப் போவது இதற்கு ஈடாகாது. இமிடாக்ளோபிரிட், ஃபிப்ரோனில் போன்ற மருந்துகளைக் கறையான் உணர்ந்து ஒதுங்குவதில்லை. அதில் நடந்துபோனது மற்றவற்றையும் தொற்ற வைக்கும். மெதுவாகத்தான் வேலை செய்யும், அடித்த மறுநாள் ஒன்றிரண்டு நடமாடினால் ஏமாந்துவிட்டோம் என்று நினைக்க வேண்டாம்.

தச்சர் சொல்வது அரைச் சரி. அந்த நிலைக்காலை மாற்றத்தான் வேண்டும். ஆனால் மண்ணுக்கு மருந்து கொடுக்காமல் புது மரத்தை நிறுத்துவது, இருக்கும் கூட்டத்துக்குப் புதுச் சாப்பாடு போடுவதுதான். முதலில் மருந்து, அப்புறம் நிலை. குளியலறைக்கு மறுபடி மரம் வேண்டாம். கருங்கல் அல்லது இரும்பு நிலை போதும்.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

இன்றைக்கே கையெழுத்துப் போடு என்பவரிடம் போடாதீர்கள். கறையான் மெதுவாகத் தின்பது, இரண்டு வாரம் பொறுப்பதால் வீடு போய்விடாது. இரண்டு மூன்று பேரை அழைத்து, வீடு முழுக்கப் பார்த்துவிட்டு எழுத்தில் மதிப்பீடு தரச் சொல்லுங்கள். பூச்சிக்கொல்லிச் சட்டம் 1968-இன் கீழ் வந்த விதிகளின்படி இந்தத் தொழிலுக்கு உரிமம் வேண்டும். அதைக் காட்டச் சொல்லுங்கள். மருந்து சீல் உடைக்காத பாட்டிலில் வர வேண்டும். பெயர், காலாவதித் தேதி, கட்டடக் கறையானுக்கு என்ற குறிப்பு ஆகியவை லேபிளில் இருக்க வேண்டும். லேபிளில் ஒரு வண்ணச் சதுரமும் இருக்கும். சிவப்பு மிகக் கடுமையான நஞ்சு, அடுத்து மஞ்சள், பிறகு நீலம், பச்சை. வாரண்டி எத்தனை வருடம், திரும்ப வந்தால் வீடு முழுக்கச் செய்வார்களா, வந்த இடத்துக்கு மட்டுமா என்பதையும் எழுதி வாங்குங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் வீட்டில் போர்டிகோவுக்குக் கீழே தண்ணீர் சம்ப் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மருந்து நிறுவனத்திலிருந்து வந்தவர் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை என்பதுதான் எனக்குக் கவலை. சம்ப், போர்வெல், பூமிக்குள் போகும் குழாய்கள் எங்கே என்று கேட்காமல் தரையில் துளை போட வருபவரை வீட்டுக்குள் விடக் கூடாது. சம்ப் சுவரில் விரிசல் இருந்தால் மருந்து குடிதண்ணீரில் கலந்துவிடும். அந்தப் பக்கத்தை விட்டுச் செய்யச் சொல்லுங்கள்.

வீட்டுக்காரரிடம் எப்படிப் பேசுவது

நான் வக்கீல் இல்லை. கட்டடத் தரப்பிலிருந்து சொல்கிறேன். தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டு இயற்றி 2019 முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைதாரர், நில உரிமையாளர் உரிமைகள் பொறுப்புகள் சட்டம், கட்டட அமைப்பு சார்ந்த பழுதுகளை உரிமையாளர் பக்கத்தில் வைத்திருக்கிறது, வாடகைதாரர் சேதப்படுத்தியவை நீங்கலாக. சுவரில் பதிந்த நிலையும் தரைக்கடி மண்ணும் நீங்கள் சேதப்படுத்தியவை அல்ல. பேச்சு முற்றினால் அந்தச் சட்டத்தின்படி அமைந்த வாடகை அதிகாரியிடம் போகலாம், ஆனால் உங்கள் ஒப்பந்தம் பதிவாகியிருக்கிறதா என்பதை முதலில் ஒரு வக்கீலிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த அளவுக்குப் போகாமல் முடிந்தால் நல்லது, முடியும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. படங்களைத் தேதியோடு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். "தரை இடுக்கிலிருந்து வருகிறது, நிலைக்காலும் போய்விட்டது, மருந்து வைக்க வேண்டும், வந்து பாருங்கள்" என்று நாலு வரி எழுதினால் போதும். தள்ளிப் போடாதீர்கள், தெரிந்தும் சொல்லாமல் இருந்தீர்கள் என்ற பேச்சு வந்தால் அது உங்களுக்குப் பாதகம். அவர் அனுமதியில்லாமல் தரையில் துளை போடவும் கூடாது, அது அவர் கட்டடம். மருந்துச் செலவும் நிலையும் அவருடையது, அலமாரியும் பரண் பெட்டியும் உங்களுடையது என்று பிரித்துப் பேசினால் அவருக்கும் ஏற்றுக்கொள்ள வழியிருக்கும். மேல்தளத்தில் அவரே குடியிருக்கிறார். மின்வயர் போகும் குழாய்களின் வழியே கறையான் மாடிக்கும் ஏறும் என்பதைச் சொல்லுங்கள்.

அம்மாவுக்கு

உங்கள் அம்மாவோடு வாதாட வேண்டாம். புற்றை நம் மக்கள் சும்மா வணங்கவில்லை. காய்ந்த இலையையும் கட்டையையும் மண்ணாக்கித் தருவது கறையான்தான். மழைக்குப் பிறகு முளைக்கும் புற்றுக்காளான்கூட, புற்றுக்குள் அது வளர்க்கும் பூஞ்சையிலிருந்து வருவதுதான். ஆனால் சுவரில் வந்திருப்பது புற்றல்ல, இரை தேடிப் போட்ட வழி. அம்மாவைப் பக்கத்துப் புற்றுக் கோயிலுக்கு அழைத்துப் போய்ப் பால் ஊற்றி வாருங்கள், அவருக்கும் நிம்மதியாக இருக்கும். வீட்டுக்குள் ஊற்றினால் ஈரம் கூடும், ஈரம் கறையானுக்குத்தான் நல்லது.

மருந்து வைக்கும் நாளில் அவரை உறவினர் வீட்டில் விட்டுவிடுங்கள். துளைகளை அடைத்து, தரையைத் துடைத்து, ஜன்னல்களைத் திறந்து வைத்து, வாடை முழுக்கப் போன பிறகு கூட்டி வரலாம். எத்தனை நாள் என்பதை மருந்தின் பெயரைச் சொல்லி அவருடைய டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

அப்பாவின் புத்தகங்கள்

எதையும் எறிய வேண்டாம். அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக எடுத்து, அட்டையை விரித்து, முதுகின் பசைப் பகுதியையும் அடி ஓரத்தையும் பாருங்கள். கறையான் முதலில் போவது அங்கேதான். மண் ஒட்டியிருந்தால் ஈரத்துணி போடாதீர்கள், கறை பக்கத்துக்குள் இறங்கிவிடும். மண் காயட்டும், பிறகு பழைய பெயின்ட் பிரஷ்ஷால் வெளிப்பக்கமாகத் தட்டிவிட்டால் உதிர்ந்துவிடும். செல்லரித்த பக்கங்களை ஒட்டப் போகாமல் ஒரு வெள்ளைத்தாள் உறையில் போட்டு அதே புத்தகத்தோடு வையுங்கள். மருந்தைப் புத்தகத்தின் மேல் அடிக்க யாரையும் விடாதீர்கள்.

மருந்து வேலை முடியும் வரை அவற்றை மண்கோடு இல்லாத அறையில், இரும்புக் கட்டில் மேல் அடுக்கி வையுங்கள். அட்டைப் பெட்டியில் போட்டுத் தரையில் வைப்பதுதான் கூடவே கூடாது. பிறகு இரும்பு அலமாரி வாங்க முடிந்தால் நல்லது. இல்லையென்றால் இருக்கும் அலமாரியையே சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, பின்பக்கம் டார்ச் அடித்தால் தெரிகிற மாதிரி நிறுத்துங்கள். மாதம் ஒரு தடவை அங்கே வெளிச்சம் அடித்துப் பார்ப்பதும், அடுத்த வருடம் முதல் மழைக்குப் பிறகு குளியலறை வாசலில் இறகு கிடக்கிறதா என்று பார்ப்பதும் போதும். கிடந்தால், வாரண்டிக் காலத்துக்குள் இருக்கும்போதே அவர்களைக் கூப்பிட்டுவிடுங்கள்.